கோடு ஒன்று, குலம் வேறு

வண்ண மீன் வாங்க வருகிறவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார், பிறகு கோட்டைப் பார்ப்பார், கடைசியில் விலை கேட்பார். விற்கிறவனும் அதே வரிசையில் பார்த்தால் கடை ஓடாது. சென்னை கொளத்தூரில் மாமாவின் கடையில் தொட்டி கழுவச் சேர்ந்தவன் நான். பிறகு புழல் பக்கம் சிமெண்டுத் தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கப் போனேன். இன்று கடை, பண்ணை இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி, “இதுவும் அதுவும் ஒண்ணுதானே?” என்பதுதான்.

பார்த்தால் ஒன்றுதான். விரல் நீளம்கூட இல்லாத மீன், விலாவில் அதே கோடு, அதே கூட்ட நீச்சல். ஆனால் ஒன்றின் பூர்வீகம் அமேசான் காடு, இன்னொன்றின் பூர்வீகம் சீனத்து மலை ஓடை. இரண்டுக்கும் சொந்தம் தேடினால் பல கோடி ஆண்டு பின்னால் போக வேண்டும்.

மாமா பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: “உடம்பைப் பார்த்துத் தீனி போடு, துடுப்பைப் பார்த்து ஜோடி சேர்.” அந்த மீன் தண்ணீரில் எந்த இடத்தில், எதைத் தின்று பிழைக்கிறது என்பதை உடம்பின் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் குடும்பம், முட்டையா குட்டியா, முட்டை என்றால் எங்கே ஒட்டும் என்பதையெல்லாம் துடுப்பிலும் வாயிலும்தான் தேட வேண்டும். முதலாவது தெரிந்தால் மீன் பிழைக்கும். இரண்டாவதும் தெரிந்தால்தான் பண்ணைக்காரன் பிழைப்பான்.

நியானும் ஒயிட் கிளவுடும்

நியான் டெட்ராவைத் தெரியாதவர் இல்லை. மூக்கிலிருந்து முதுகுப் பக்கமாக ஓடும் மின்னும் நீலக் கோடு, அதன் கீழே பாதி உடம்பில் தொடங்கி வால்வரை சிவப்பு. 1936-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். பெரு, கொலம்பியா, பிரேசில் நாடுகளின் அமேசான் கிளை ஆறுகள் அதன் ஊர். அதன் அண்ணன் என்று சொல்லத்தக்க கார்டினல் டெட்ராவுக்குச் சிவப்புப் பட்டை தலை தொட்டு வால்வரை முழுநீளம் ஓடும். இந்த இரண்டும் உண்மையிலேயே ஒரே பேரினம். கோட்டை வைத்துப் பிரித்தாலும் குடும்பம் ஒன்றுதான்.

ஒயிட் கிளவுட் கதை வேறு. சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய பையுன் மலை, அதாவது வெள்ளை மேக மலை, அதன் ஊர். 1932-இல் லின் என்ற சீன அறிஞர் அதை விவரித்தார். சாரணர் தலைவரான டான் என்பவர் கண்டெடுத்த மீன் என்பதால் பேரினத்துக்கு அவர் பெயரே நின்றது. குஞ்சாக இருக்கும்போது இதன் விலாக் கோடு நீலப் பச்சையாகத் தகதகக்கும். விளக்கு போட்ட தொட்டியில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நியான் என்றே சத்தியம் செய்யலாம். மேலைநாட்டு வியாபாரத்தில் இதற்கு ‘ஏழையின் நியான்’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

கடைக்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் விட்டுத்தான் முதல் பாடம் நடத்துகிறேன். கோட்டை மறந்துவிடு என்பேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முதுகெலும்பு ஓடும் மேடு இருக்கிறதே, அங்கே பார். நியானுக்கு அந்த இடத்தில் கடுகு அளவில், கண்ணாடிபோல், எலும்புக் கதிர் இல்லாத ஒரு சின்னத் துடுப்பு நிற்கும். கொழுப்புத் துடுப்பு என்பார்கள். டெட்ரா கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு. ஒயிட் கிளவுடுக்கு அந்த இடம் மழுமழுவென்று இருக்கும். அது கெண்டை வகையறா. நம் ஊர்க் கெண்டைக் குஞ்சு, டேனியோ, பார்ப், ரஸ்போரா எதற்கும் அந்தத் துடுப்பு கிடையாது. மீன் சும்மா நிற்கும்போது இது தெரியாது. திரும்பும்போது, பின்பக்கம் விளக்கு இருந்தால், ஒரு நொடி தெரியும். அந்த நொடியைப் பிடிக்கக் கண் பழக வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் வாய்க்குள். டெட்ராக்களுக்குத் தாடையிலேயே பல் உண்டு. பிரானாவும் அந்த வகையறாவில் வருகிற மீன்தான் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்காது. கெண்டை வகைக்குத் தாடையில் பல்லே இல்லை, தொண்டைக்குள் இருக்கும் எலும்பில்தான் பல். வெளியே இருந்து பார்க்க முடியாத விஷயம், ஆனாலும் குடும்பம் பிரிவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இதில் வியாபாரத்துக்கு என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. ஒயிட் கிளவுட் குளிர்ந்த மலைத் தண்ணீர் மீன். 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் அது கொண்டாட்டமாக இருக்கும். சித்திரை வெயிலில் கொளத்தூர்க் கடைத் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போனால் முதலில் சோர்வது அதுதான். ஊட்டி, கொடைக்கானலில் இருந்து வாங்க வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் அதைத் தருவேன், ஹீட்டர்கூட வேண்டாம். நியானுக்கு வெப்பத்தைவிடத் தண்ணீரின் தன்மைதான் பெரிய தலைவலி. அதன் ஊரில் தண்ணீர் மழைத் தண்ணீர் போல மென்மையானது, இலைச் சாறு ஊறி லேசாகப் புளித்தது. நம் போர்வெல் தண்ணீரில் அது உயிர் வாழும், ஆனால் முட்டை பொரிக்காது. ஆர்.ஓ. தண்ணீரில் பாதாம் இலையை ஊறவைத்து, தொட்டியைத் துணி போட்டு மூடி வைத்தால்தான் குஞ்சுக்கு வழி. அதன் முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. ஒயிட் கிளவுடுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். செடி நிறைந்த தொட்டியில், குளிர்காலத்தில், தானாக முட்டை விடும். தீனி சரியாக இருந்தால் தன் குஞ்சைத் துரத்தித் தின்பதும் குறைவு. ஒரே கோடு போட்ட இரண்டு மீனில் ஒன்று பண்ணைக்காரனுக்குச் சோறு போடும், இன்னொன்று மின் கட்டணம் கட்ட வைக்கும்.

பாசி தின்னும் மூவர்

“கண்ணாடியில பாசி பிடிக்குது, பாசி திங்கிற மீன் ஒண்ணு குடுங்க.” இந்தக் கோரிக்கைக்குக் கடையில் மூன்று மீன் பதிலாக இருக்கும். மூன்றும் நீளமானவை, மூன்றுக்கும் விலாவில் கறுப்புக் கோடு, மூன்றும் தரையை ஒட்டி இருக்கும். சயாமிஸ் அல்கே ஈட்டர், ஃப்ளையிங் ஃபாக்ஸ், சைனீஸ் அல்கே ஈட்டர். மொத்த வியாபாரியின் பட்டியலில் இந்தப் பெயர்கள் இடம் மாறி வருவது சாதாரணம். பட்டியலை நம்பி விலை போடாமல், பையைப் பிரித்து மீனைப் பார்த்து விலை போடுகிறவன்தான் நிலைப்பான்.

முதல் இரண்டும் பங்காளிகள். இரண்டும் கெண்டைக் குடும்பம். சயாமிஸுக்குக் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கவை வரை போய் முடியும். கோட்டின் விளிம்பு கத்தரித்தது போல நேராக இல்லாமல், பல்பல்லாக இருக்கும். துடுப்புகளில் நிறம் இல்லை. ஃப்ளையிங் ஃபாக்ஸுக்குக் கோட்டின் விளிம்பு நேராக ஓடும், அதன் மேலே தங்க நிறத்தில் இன்னொரு கோடு, துடுப்புகளில் கறுப்பும் வெள்ளையும். அழகு இதற்கு அதிகம், பாசி தின்பதில் ஆர்வம் அதற்கு அதிகம். நூல் நூலாகத் தொங்கும் கறும்பாசியை மேய வேண்டுமென்றால் சயாமிஸைத் தவிர எனக்குத் தெரிந்து நம்பகமான மீன் இல்லை. ஃப்ளையிங் ஃபாக்ஸ் வளர வளர எல்லைச் சண்டைக்காரன் ஆகும். சின்னத் தொட்டிக்கு ஒன்றுக்கு மேல் தருவதில்லை.

மூன்றாவது, சைனீஸ் அல்கே ஈட்டர், இவர்கள் வீட்டுப் பிள்ளையே அல்ல. அதற்குத் தனிக் குடும்பம். பெயரில் சீனா இருந்தாலும் தாய்லாந்து, கம்போடியா, மேகாங் ஆறு என்று தென்கிழக்கு ஆசியாதான் அதன் ஊர். இதைக் கண்டுபிடிக்கக் கோட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டும் வரை காத்திருக்க வேண்டும். ஒட்டியதும் வெளிப்பக்கமிருந்து அதன் வாயைப் பார்த்தால், உதடு முழுவதும் விரிந்து வட்டமாகக் கண்ணாடியைக் கவ்வியிருக்கும். வட்டத்துக்குள் சொரசொரப்பான மடிப்புகள் மேலும் கீழும் அசைந்து கண்ணாடியைச் சுரண்டும். அந்த நேரத்தில் செவுள் மூடியைக் கவனிக்க வேண்டும். மற்ற மீன் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக வெளியே விடும். இதற்கு வாய் ஒட்டுவதிலேயே ஈடுபட்டிருப்பதால், செவுள் மூடியின் மேல்முனையில் தண்ணீர் உள்ளே போகத் தனியாக ஒரு துளை உண்டு. மேலே உள்ளே, கீழே வெளியே. அதனால் செவுள் படபடவென்று வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். வேகமாக ஓடும் ஆற்றில் பாறையை விடாமல் மூச்சு விட இயற்கை செய்துகொடுத்த ஏற்பாடு அது. சயாமிஸ் கண்ணாடியை மேயும், ஆனால் ஒட்டி நிற்காது. வயிற்றுத் துடுப்பையும் வாலையும் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்து உட்காரும்.

பாறையைச் சுரண்டும் பிழைப்பு ஒன்று என்பதால் மூன்றுக்கும் உருவம் ஒன்றாகிவிட்டது. ஆனால் சைனீஸ் வளர்ந்தால் ஒரு ஜாண் தாண்டும். பெரிதானதும் பாசியை விட்டுவிட்டு, டிஸ்கஸ், ஏஞ்சல் போன்ற தட்டை மீன்களின் விலாவில் ஒட்டி உடம்பின் வழவழப்பைச் சுரண்டத் தொடங்கும். மறுநாள் அந்த ஏஞ்சலின் உடம்பில் வட்ட வட்டமாகப் புண் தெரியும். தங்க நிற வகை மலிவாகவும் அழகாகவும் இருப்பதால் அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் தொட்டி அளவையும் கூட இருக்கும் மீனையும் கேட்டுவிடுவேன்.

இதே போல உருவத்தால் ஏமாற்றும் கண்ணாடி மீன்களையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பு வழியாக முள் தெரியும் மீன்கள் இரண்டு கடையில் உண்டு. வட்ட உடம்பு, முதுகில் இரண்டாகப் பிரிந்து முள்ளோடு நிற்கும் துடுப்பு என்றால் நம் ஊர்க் குளங்களிலும் கிடைக்கும் பரம்பாசிஸ். நீள உடம்பு, மீசை, வயிற்றடியில் வால்வரை ஓடும் நீளத் துடுப்பு என்றால் தாய்லாந்துக் கண்ணாடிக் கெளுத்தி. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை. அந்தக் கெளுத்தியைப் பல பத்தாண்டுகளாக வேறோர் இனத்தின் பெயரில்தான் உலகம் முழுக்க விற்றார்கள். 2013-இல்தான் அதற்கென்று சொந்தப் பெயர் கிடைத்தது. வியாபாரி மட்டுமல்ல, புத்தகமும் தடுமாறும் இடம் இது.

வாய்க்கால் மூவர்

வெளிநாட்டு மீனில் தடுமாறினால் பணம்தான் போகும். நம் வாய்க்கால் மீனில் தடுமாறினால் வாய்க்காலே போய்விடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மழை விட்டதும் சென்னையைச் சுற்றியுள்ள குட்டை, வாய்க்கால், ஏரிக்கரையில் பையன்கள் கைவலை போட்டு டப்பாவில் சின்ன மீன் பிடித்துக்கொண்டு வருவார்கள். தீனிக்கான மாய்னா என்ற நீர்ப்பூச்சியை வாரி வருகிறவர்கள் கூடையிலும் இவை கலந்திருக்கும். டப்பாவுக்குள் மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே. தட்டைத் தலை, பெரிய கண், மேல் நோக்கிய வாய், பின்னால் தள்ளி வைத்த முதுகுத் துடுப்பு, தண்ணீரின் மேல்தோலை ஒட்டியே நீச்சல். “கொசு மீன்” என்று ஒரே பெயரில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரே டப்பாவில் பெரும்பாலும் மூன்று குலம் இருக்கும். அப்லோகைலஸ், ரைஸ்ஃபிஷ் என்கிற ஒரைசியாஸ், கம்பூசியா.

ஏன் இந்த ஒற்றுமை? தேங்கிய தண்ணீரில் பிராணவாயு அதிகம் இருப்பது மேல்தோலில்தான். கொசுப்புழு மூச்சு விட வருவதும் அங்கேதான், எறும்பும் பூச்சியும் விழுவதும் அங்கேதான். அந்த ஓர் அங்குலத்தில் பிழைக்க வேண்டுமென்றால் தலை தட்டையாகவும் வாய் மேல்நோக்கியும் இருந்தே ஆக வேண்டும். வேறு வேறு குலத்தில் பிறந்தாலும் ஒரே வேலைக்குப் போகிறவர்கள் ஒரே சீருடை போட்டுக்கொண்டது போலத்தான் இது.

பிரிக்கும் முறை இது. மூன்றையும் வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் கவிழ்த்து, நிழலில் வைத்து, நேர் மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். உச்சந்தலையில் வெள்ளி உருக்கி ஒட்டியது போல ஒரு பொட்டு பளிச்சிட்டால் அது அப்லோகைலஸ். எங்கள் பக்கத்தில் முண்டக்கண்ணி என்போம். கலங்கிய தண்ணீரிலும் அந்தப் பொட்டு தெரியும். குஞ்சுக்கும் உண்டு. கம்பூசியாவுக்கு அப்படிப் பளிச்சென்ற பொட்டு இல்லை.

மீதியைக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது குதத் துடுப்பு, அதாவது வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் உள்ள துடுப்பு. ஒரைசியாஸுக்கு அது நீளமானது, உடம்பின் பின்பாதி அடியெல்லாம் அதுவே ஓடும். உடம்பு கண்ணாடிபோல் இருக்கும், முள் எண்ணலாம். கம்பூசியாவுக்கு அந்தத் துடுப்பு குட்டை. ஆண் கம்பூசியாவுக்கு அது துடுப்பாகவே இருக்காது. சுருண்டு நீண்டு குச்சியாகிவிட்டிருக்கும். விந்தைப் பெண்ணின் உடம்புக்குள் சேர்க்கும் உறுப்பு அது. கப்பி ஆணுக்கும் மோலி ஆணுக்கும் இருப்பது இதே குச்சிதான், ஏனென்றால் அவை நிஜமாகவே கம்பூசியாவின் சொந்தக்காரர்கள். காட்டுக் கப்பிப் பெண்ணையும் கம்பூசியாப் பெண்ணையும் பிரிக்க வேண்டுமென்றால் வாலைப் பார்க்கலாம். கம்பூசியாவின் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் சின்னச் சின்னக் கறும்புள்ளி வரிசையாக இருக்கும்.

குட்டி போடும் கம்பூசியா அமெரிக்க மீன். மலேரியாவுக்கு எதிராகக் கொசுப்புழுவை அழிக்க உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு 1928-இல் இத்தாலி வழியாக வந்தது. கிணற்றிலும் தண்ணீர்த் தேக்கத்திலும் அதை விடும் பழக்கம் இன்றும் உண்டு. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பல பத்துக் குஞ்சு போடும். ஒரு தடவை சேர்ந்தால் பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஈற்றுக்கும் பயன்படுத்தும். அதனால் ஒரே ஒரு சினைப் பெண் போதும், ஒரு குட்டை நிரம்பிவிடும். கொசுப்புழு தீர்ந்தால் மற்ற மீனின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை என்று எதையும் விடாது; தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கடிக்கும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது.

முண்டக்கண்ணி நம் மண்ணின் மீன். அதுவும் கொசுப்புழுவைத்தான் தின்கிறது. அதற்குப் பஞ்சு நூல் கொத்தைத் தொட்டியில் தொங்கவிட்டால் போதும், தினம் சில முட்டையாக அதில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை ஓடு கெட்டியானது. இரண்டு விரலால் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போடலாம், உடையாது. பொரிய இரண்டு வாரம் ஆகும். கடலோரப் பகுதியில் கிடைக்கும் சின்ன வகை ஒன்று உண்டு. பச்சையும் பொன்னுமாக மினுக்கும் புள்ளிகளோடு 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். பிளாக் என்ற கப்பல் கேப்டன் அதை ஜெர்மனிக்குக் கொண்டுபோக, 1911-இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெரிய வகை ஒன்று ஒரு விரலைவிட நீளும். அதன் மஞ்சள் ரகத்தைத்தான் ‘கோல்டன் வொண்டர் கில்லி’ என்று விற்கிறோம். நம் வாய்க்காலில் இருந்து போன குலம், பெயர் மாற்றிக்கொண்டு நம் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்குகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன், வாயில் அடங்கும் எந்த மீனும் அதற்குத் தீனிதான். கப்பிக் குஞ்சோடு விடக்கூடாது.

ஒரைசியாஸ்தான் மூன்றிலும் எனக்குப் பிடித்தது. விடியற்காலையில், பண்ணையில் விளக்கு போடும் முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தொட்டியைப் பார்த்தால் பெண் மீனின் வயிற்றடியில் ஒரு முட்டைக் கொத்து தொங்குவது தெரியும். ஒவ்வொரு முட்டையிலிருந்தும் மெல்லிய நூல் கிளம்பி, எல்லா நூலும் ஒன்றாக முறுக்கித் தாயின் துவாரத்தோடு பிணைந்திருக்கும். முட்டை தெளிவாக இருக்கும், உற்றுப் பார்த்தால் உள்ளே எண்ணெய்த் துளிகள் தெரியும். அந்தக் கொத்தைச் சுமந்துகொண்டே சில மணி நேரம் நீந்திவிட்டு, செடியில் உரசி ஒட்டிவிடும். குட்டி போடும் கம்பூசியாவோ, ஒவ்வொரு முட்டையாக ஒட்டும் முண்டக்கண்ணியோ இதைச் செய்யாது. நல்ல தண்ணீரிலும் இருக்கும், முகத்துவாரத்து உப்புத் தண்ணீரிலும் இருக்கும். இந்தக் குலத்தின் ஜப்பானிய உறுப்பினரான மெடாகா, 1994-இல் கொலம்பியா விண்கலத்தில் போய், அங்கேயே ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தது. விண்வெளியில் ஜோடி சேர்ந்த முதல் முதுகெலும்பி அதுதான்.

இந்த மூன்றையும் அறிவியலாளர்களும் நெடுநாள் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்கள். 1981-இல் ரோசன், பரென்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் செவுள் எலும்பு, நாக்கடி எலும்பு அமைப்பையெல்லாம் ஒப்பிட்டு, ஒரைசியாஸைப் பிரித்து வேறு வரிசைக்கு மாற்றினார்கள். யாரோடு தெரியுமா? காசிமேட்டில் கூடை கூடையாக இறங்கும் முரலோடும் பறவைக் கோலாவோடும். கடலில் ஊசிமூக்கோடு பாயும் முரலுக்கும் தண்ணீருக்கு மேலே பறக்கும் கோலாவுக்கும், வாய்க்காலில் ஒரு விரல்கடை அளவில் நிற்கும் இந்தக் கண்ணாடி மீன் சொந்தம். தொட்டியில் பக்கத்தில் நீந்தும் முண்டக்கண்ணியைவிட, மீன் மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் முரல் அதற்கு நெருங்கிய உறவு. மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “முரல் முட்டையிலயும் நூல் இருக்கும்டா” என்றார். காசிமேட்டில் வளர்ந்தவர், வலையில் சிக்கிய அந்த முட்டைகளைச் சின்ன வயதிலேயே கையால் பிரித்தெடுத்திருக்கிறார்.

கடைக்காரனின் வரிசை

பையன்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசை இப்போது இதுதான். புது லாட் வந்தால் பையை மிதக்கவிட்டுத் தண்ணீர்ச் சூடு சமமாகும் வரை மேலே இருந்து பார்: தலை தட்டையா, பொட்டு உண்டா, வாய் மேலேயா கீழேயா. இது தீனிக்கு. மேல்வாய் மீனுக்கு மிதக்கும் தீனி, கீழ்வாய் மீனுக்கு மூழ்கும் தீனி. எந்தக் குடும்பம் என்பதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதே. தொட்டியில் விட்ட பிறகு பக்கவாட்டில் பார்: கொழுப்புத் துடுப்பு உண்டா, முதுகுத் துடுப்பு ஒன்றா இரண்டா, குதத் துடுப்பு நீளமா குட்டையா குச்சியா, மீசை எத்தனை ஜோடி. இது குடும்பத்துக்கு. மருந்துக்கும் இதுவே. செதில் இல்லாத கெளுத்தி வகைக்குத் தாமிரம் கலந்த மருந்தை முழு அளவில் ஊற்றினால் வியாதிக்கு முன் மீன் போய்விடும். உருவத்தில் பக்கத்துத் தொட்டி மீன் போலவே இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. கடைசியாக நிறத்தையும் கோட்டையும் பார். அது விலைக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. அடையாளம் உறுதியாகாத எதையும் குளத்திலோ கிணற்றிலோ விட ஒருவருக்கும் கொடுப்பதில்லை. அல்லித் தொட்டியில் கொசு வராமல் இருக்க மீன் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு முண்டக்கண்ணியைத் தருகிறேன். பெருமழையில் தொட்டி நிரம்பி வாய்க்காலில் போய் விழுந்தாலும் அது தன் வீட்டுக்கே போகிறது. கம்பூசியா போனால் நம் வீட்டில் நுழைகிறது. மேலே இருந்து பார்க்கிற வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒரே மீன், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். கூட்டம் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த இரண்டு நிமிஷத்தை நான் விடுவதில்லை.

“இது நியான் மாதிரிதானே அண்ணா, விலை கம்மியா இருக்கே?” என்று யாராவது ஒயிட் கிளவுட் தொட்டியைக் காட்டும்போது, மாதிரிதான் என்று ஒப்புக்கொள்வேன். பொய் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து நான் கேட்பது, “வீடு எந்த ஊர், தொட்டி வைக்கிற அறையில ஏசி ஓடுமா?” மீனின் விலையைக் கேட்க வந்தவர் ஏன் ஏசியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் விழிப்பார். பதில் சொல்லச் சொல்ல அவருக்கே எந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.